இரண்டு நட்சத்திரக்காரர்

இரண்டு விரல்களை விரித்து, செத்த மானின் காதைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறார் ஜெகதீஸ்வரன். மானுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டிருக்கும் மனிதர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். அவர் மேல் இவருக்கு ஒரு அக்கறையும் இல்லை. காது முடிந்ததும் குளம்பு, குளம்பு முடிந்ததும் பின்னால் நிற்கும் மரங்கள், பிறகு படத்தின் நான்கு மூலைகள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைப்பேசியை முகத்தோடு ஒட்ட வைத்துப் பார்க்கிறார். "சுத்துமாத்துக்காரன்" என்று தீர்ப்பு வருகிறது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததையும், அதற்காக மனைவி சுலோஜனா திட்டிக்கொண்டிருப்பதையும் தீர்ப்புச் சொல்லி முடித்த பிறகுதான் கவனிக்கிறார்.

சுவிஸின் எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு பெரிய ஹோட்டலின் சமையலறையில் அவருக்கு வேலை. வயது ஐம்பத்தெட்டு. வடமராட்சிக்காரர். அகதியாக வந்து, பாத்திரம் கழுவி, வெங்காயம் உரித்து, இன்று இலையுதிர்காலம் வந்தால் இவர் வைக்கும் மான் இறைச்சிக்காகவே ஆட்கள் மலையேறி வரும் அளவுக்கு வந்திருக்கிறார். அந்தச் சமையலைப் பற்றி நான்கு பக்கம் எழுதலாம் என்றுதான் லுசேர்ணிலிருந்து ரயில் மாறி மாறி அவர் வீட்டுக்குப் போனேன். ஹோட்டல்கள் எல்லாம் பூட்டிக் கிடக்கும் ஒக்டோபர் கடைசி. அவர் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கைப்பேசியிலிருந்த மான்களைத்தான் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

எங்கள் ஆட்களில் துப்பாக்கியோடு மலையேறுகிறவர் இவரைத் தவிர வேறு எவரையும் எனக்குத் தெரியாது. வேட்டைக்காரர்கள் கொண்டுவந்து போடும் மானை வருடக்கணக்காக வெட்டியவருக்கு, அது உயிரோடு நடப்பதைப் பார்க்க ஆசை வந்திருக்கிறது. மாநிலம் நடத்தும் வேட்டைப் பரீட்சையை எழுதினார். முதல் தடவை கோட்டைவிட்டார். "கேள்வி விளங்கிச்சுது, என்ர பதில்தான் அவைக்கு விளங்கேல்லை" என்கிறார். இரண்டாம் தடவை தேறினார். செப்டெம்பரில் விடுமுறை எடுத்துக்கொண்டு, பச்சைத் தொப்பியும் முழங்கால் வரை காலுறையுமாக இருட்டோடு புறப்பட்டுப் போவார். செப்டெம்பரில்தான் புரட்டாதிச் சனியும் வரும். சனிக்கிழமையில் மான் சுடுவார், அதன் இறைச்சியைத் தொட்டு வாயில் வைக்கமாட்டார். கேட்டால், "சுடுறது மாநிலச் சட்டம், தின்னாமல் இருக்கிறது சுலோஜனாவின்ர சட்டம்" என்று பதில் வரும். கோயிலில் இவரைக் கண்டால் இளசுகள் "அண்ணை வாறார், ஆட்டுக்குட்டியளை ஒளிச்சு வையுங்கோ" என்று கத்துவார்களாம். அதற்கும் அவர் சிரிப்பதில்லை, கோபிப்பதும் இல்லை.

சுவிஸ் வேட்டைக்காரனுக்கு ஓய்வுபெறும் வயதில் ஒரு கனவு இருக்கிறது. ஒருமுறையாவது வெளிநாடு போய்ப் பெரிய கொம்பு மான் ஒன்றைச் சுடவேண்டும். அதற்கென்று வேட்டைப் பயண நிறுவனங்கள் இருக்கின்றன. அனுமதிப் பத்திரம், வழிகாட்டி, தங்க வீடு, துப்பாக்கியை எல்லை கடத்தும் காகித வேலை எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இணையத்தில் நட்சத்திரங்கள், இன்ஸ்டகிராமில் படங்கள், யூடியூபில் இசையோடு ஓடும் காணொளிகள். எவன் நல்லவன், எவன் கள்ளன் என்று தெரியாமல் தலையைச் சொறியும் குழாய் வேலைக்காரரும் பால்பண்ணைக்காரரும் ஹோட்டலின் பின்கதவைத் தட்டி ஜெகதீஸ்வரனிடம் கைப்பேசியை நீட்டுவார்கள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் பார்க்கத் தொடங்குவார்.

பார்ப்பதற்கு அவருக்கென்று முறைகள் உண்டு. ஐந்து நட்சத்திரத்தை வாசிக்கவே மாட்டார். "அது கலியாண வீட்டுப் பேச்சு." ஒரு நட்சத்திரத்தையும் வாசிக்கமாட்டார். "அது செத்த வீட்டுச் சண்டை." நடுவில் கிடக்கும் மூன்றையும் இரண்டையும் ஆறுதலாக வாசிப்பார். வெறுங்கையோடு திரும்பி வந்தவன் எழுதியது கிடைத்தால் இரண்டு தரம் வாசிப்பார். "ஒண்டும் சுடாமல் வந்தவன் நல்லாச் சொன்னானெண்டா அந்த இடத்தை நம்பலாம். கொம்போட வந்தவன் எதையும் நல்லதெண்டுதான் சொல்லுவான்." எல்லாப் படத்திலும் வெயில் அடித்தால் சந்தேகப்படுவார். வருடம் வருடமாக ஒரே நாய் படத்தில் வந்து, அதற்கு மூஞ்சி நரைத்துக்கொண்டும் போனால் மனம் இளகுவார். "நாயை வச்சுப் பாக்கிறவன் ஆளையும் பாப்பான்."

எப்போதும் சரியாகச் சொல்லிவிடுகிறார் என்றும் இல்லை. ஒருமுறை படத்தின் மூலையில் தெரிந்த வேலியை மான் பண்ணை வேலி என்று நினைத்து, ஒரு நிறுவனத்தை இணையத்தில் கிழித்துத் தொங்கவிட்டார். அது திராட்சைத் தோட்டத்து வேலி. மன்னிப்புக் கேட்டு எழுதினார், ஆனால் முதலில் எழுதியதை அழிக்கவில்லை. இரண்டும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இன்றைக்கும் கிடக்கின்றன. "பிழை விட்டவன் பிழையையும் காட்டவேணும். அழிச்சுப்போட்டு நல்லவன் மாதிரி நிக்கிறதோ?" இப்படிப்பட்ட மனிதரோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு சிரமம் என்று சுலோஜனா முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

இந்த நாட்டில் ஜெகதீஸ்வரனோடு கூடப்பிறந்தவர் ஒரே ஒருவர்தான், பீல் நகரில் இருக்கும் அக்கா ஞானேஸ்வரி. கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை. அக்கா என்றால் இவருக்கு உயிர். அக்காவின் மகன் நிருசன் கெட்டிக்காரன், வாய்ப் பேச்சில் மலையைப் பெயர்ப்பான். காப்புறுதி விற்றான், பிறகு கைப்பேசி உறை விற்றான், போன வருடம் வேட்டைப் பயண நிறுவனம் தொடங்கினான். துப்பாக்கியின் எந்தப் பக்கத்தால் குண்டு வரும் என்று அவனுக்குத் தெரியுமா என்பது சந்தேகம். ஆனால் மாமா வேட்டைக்காரர். அது போதும் என்று நினைத்திருக்கிறான்.

நம்மவர் ஒருவர் கடை திறந்தால் நாம் குடும்பத்தோடு போய் நிற்போம். தேவையில்லாத ஒரு சாமானாவது வாங்கிக்கொண்டு வருவோம். இப்போது அதற்கும் நேரமில்லை, ஆகவே நட்சத்திரம் போடுகிறோம். "நிருசன் தம்பியின்ர புது பிஸ்னஸ், எல்லாரும் அஞ்சு ஸ்டார் குத்திவிடுங்கோ" என்று வட்ஸ்அப்பில் செய்தி பறந்தது. எனக்கும் வந்தது. கடவுச்சொல் மறந்துபோன புண்ணியத்தால் தப்பினேன். மற்ற எல்லாரும் மொய் எழுதுவதுபோல எழுதிவிட்டார்கள். ஆயுளில் முட்டைகூடத் தொட்டிராத ஒரு பெரியம்மா "மிகவும் சுவை, சுடச்சுடத் தருகிறார்கள்" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் வாகனம் நிறுத்த வசதியுண்டு என்று பாராட்டியிருந்தார். "குடும்பத்தோடு போகலாம், மலசலகூடம் சுத்தம்" என்றும் ஒன்று. ஞானேஸ்வரி அக்கா தமிழிலேயே எழுதினார்: "அருமையான சேவை. மென்மேலும் வளர வாழ்த்துகள் மகனே." கூகுள் அதையும் பொறுப்பாக ஜெர்மனுக்கு மொழிபெயர்த்துக் காட்டியது. வேட்டைக்காரர்கள் நட்சத்திரத்தின் எண்ணிக்கையைப் பார்த்தார்கள், எழுதியதைப் பார்க்கவில்லை. பதிவுகள் வரத் தொடங்கின.

முதல் பயணத்துக்கு நிருசன் மாமாவையும் கூட்டிக்கொண்டு போனான். காசு வாங்கவில்லை, தாய்மாமனிடம் யார் வாங்குவார்கள்? பச்சைத் தொப்பியோடு அவரை நிற்கவைத்துப் படம் பிடித்து, "எங்கள் நிபுணர்" என்று தளத்தில் போட்டான். ஹங்கேரியில் ஒரு காடு. ஓய்வுபெற்ற ஒரு பேருந்துச் சாரதிதான் வாடிக்கையாளர். வழிகாட்டி சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில், பட்டப்பகலில் மான் வெளியே வந்தது. ஆளைக் கண்டு ஓடவில்லை. தூரத்தில் எங்கோ ஒரு வாளி கிணுங்க, அந்தப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றது. சாரதி சுட்டார், விழுந்தது. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு அழுதார், எல்லாரையும் கட்டிப்பிடித்தார். ஜெகதீஸ்வரன் குனிந்து மானின் காதைத் தொட்டுப் பார்த்தார். பண்ணை மிருகங்களுக்கு இலக்கத் தகடு மாட்டும் இடத்தில் துளை இருந்தது. கல்லிலும் சரிவிலும் தேய்ந்திராத குளம்புகள் நீண்டு முன்னால் வளைந்திருந்தன.

திரும்பி வரும்போது, சாரதி பின் ஆசனத்தில் உறங்கிவிட்ட பிறகு, மருமகனிடம் கேட்டார். நிருசன் மறுக்கவில்லை.

"மாமா, அந்த மனுசனுக்குச் சந்தோசம். மானுக்கு எப்பிடியும் சாவுதான். இதில எங்க பிழை?"

"வேலிக்குள்ள வளந்த மானெண்டு சொல்லிப்போட்டுச் சுடக் குடு. நான் வாயே திறக்கமாட்டன்."

"அப்பிடிச் சொன்னா ஒருத்தரும் வராயினம் மாமா."

"அதுதான் பிழை" என்றாராம் ஜெகதீஸ்வரன். இந்த இடத்தைச் சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை. என் குரல்தான் உயர்ந்தது. அந்தச் சாரதியின் கண்ணீரை நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். வேலி என்ற சொல் நிறுவனத்தின் தளத்தில் எங்கும் வரவில்லை. அதன் பிறகு, வேட்டைக் குழுமங்களில் வழக்கமாகப் பயன்படுத்தும் புனைபெயரில், இரண்டு நட்சத்திரம் போட்டு நான்கு வரி எழுதினார். ஏன் ஒன்று போடவில்லை என்று கேட்டேன். "ஒண்டு தங்கின வீட்டுக் கிழவி தந்த சூப்புக்கு. மற்றது வழிகாட்டியின்ர நாய்க்கு. அதுகள் என்ன பாவம் செய்ததுகள்?"

புனைபெயருக்குப் பின்னால் யார் என்று நிருசனுக்கு உடனே விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு குடும்பம் கொதித்தது. வட்ஸ்அப் குழுவில் ஒருவர் பின் ஒருவராகப் புத்தி சொன்னார்கள். சொந்த மருமகனின் வயிற்றில் அடிக்கிறாயே என்றார்கள். வாற சித்திரையில் நிருசனுக்குக் கலியாணம், லுசேர்ணில் மண்டபம் எடுத்தாயிற்று. பாலில் தோய்த்த அறுகை மாப்பிள்ளையின் தலையில் வைத்து வாழ்த்தும் பாலறுகுச் சடங்குக்குத் தாய்மாமன் வேண்டும். அதை அழித்தால்தான் மண்டபத்துக்குள் வரலாம் என்று அக்காவே சொல்லிவிட்டார். "அழிக்க ஏலாது அக்கா" என்றார் தம்பி. அதோடு பேச்சு நின்றது. தொலைபேசி எடுக்காத நாட்களில் அவர் சாப்பாடும் குறைந்துபோனது என்று சுலோஜனா என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் கதவு தட்டப்பட்டது. ஜியான், ரயில் பாதையில் வேலை செய்கிறவர், ஜெகதீஸ்வரனோடு ஒன்றாக மலையேறுகிற ஆள். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கைப்பேசியை நீட்டினார். இரண்டு நட்சத்திரக் குறிப்பின் கீழ் நிறுவனம் பதில் எழுதியிருந்தது. "இந்த நபரை எங்களுக்குத் தெரியாது. இவர் ஒருபோதும் எங்கள் விருந்தினராக இருந்ததில்லை." ஜியான் அதைப் படம் பிடித்து வைத்திருந்தார். இன்று பார்த்தபோது குறிப்பையே காணவில்லை. நிறுவனம் முறையிட்டதால் தளம் அதை நீக்கிவிட்டது. டிசெம்பருக்கு அதே நிறுவனத்தில் பதிவு செய்வதா விடுவதா என்று ஜியான் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

"நீ அவர்களுடைய வாடிக்கையாளனாகப் போனாயா ஜெக்?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"இல்லை" என்றார் ஜெகதீஸ்வரன்.

ஜியான் தலையை ஆட்டிவிட்டு, படியிறங்கிப் போனார். விளக்கம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருக்கும் என்று எனக்குப் பட்டது. இந்தப் பள்ளத்தாக்கில் ஜெகதீஸ்வரன் சொன்னால் அது சொன்னதுதான் என்றிருந்தது. அது அன்றைக்கு வாசற்படியில் ஆட்டம் கண்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

கதவைச் சாத்திவிட்டு வந்து நிறுவனத்தின் தளத்தில் தன் படத்தைத் தேடினார். படம் இருந்தது, தலை இல்லை. தொப்பியும் முகமும் போகக் கழுத்தோடு வெட்டிவிட்டிருந்தார்கள். துப்பாக்கி பிடித்த கைகள் மட்டும் மிச்சம். "வடிவாத்தான் வெட்டியிருக்கிறான்" என்றார்.

அரைமணி நேரம் ஆகவில்லை, அக்காவின் அழைப்பு வந்தது. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு முதல் அழைப்பு. ஜெகதீஸ்வரன் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும். ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, அது போயிட்டுதாம். நிருசன் சொன்னவன். நல்லதாப் போச்சு, நீயும் அழிக்கேல்லை, அவனுக்கும் பிரச்சினை இல்லை. இனி ஒண்டும் எழுதாதை ராசா. கலியாணத்துக்கு வா. நீதான் முதல் பாலறுகு."

"அக்கா, அவன் என்ன எழுதினவனெண்டு பாத்தனியோ?"

"அதை விடு. வக்கீல் சொல்லிக் குடுத்ததாம். உன்னைத் தெரியாதெண்டு எழுதினா நீ தெரியாத ஆளாப் போயிடுவியோ?"

"யோசிச்சுச் சொல்லுறன் அக்கா."

"என்ன யோசினை? சும்மா இருக்கிறதுக்கும் யோசிக்க வேணுமோ?" என்று சிரித்துவிட்டு அக்கா வைத்தார்.

அவர் சொன்னது உண்மைதான். சும்மா இருந்தால் போதும். குறிப்பைத் தளம் நீக்கிவிட்டது, இவர் நீக்கவில்லை. பிடிவாதமும் கெடாது, அக்காவும் திரும்பக் கிடைப்பார், மண்டபத்தில் வேட்டி சால்வையோடு முன்வரிசையில் நிற்கலாம். ஜியான் ஹங்கேரிக்குப் போய்க் காது ஓட்டையான மானைச் சுட்டுவிட்டுச் சந்தோசமாக வருவார். யாருக்கும் நட்டமில்லை. சுலோஜனா வாயைத் திறந்தே சொன்னார்: "விடுங்கோவன். எனக்கும் அவவைவிட்டா ஆர் இருக்கினம்?"

ஜெகதீஸ்வரன் தேநீர் போட்டார். எனக்கு ஊற்றித் தந்தார், தான் குடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் நின்று, கீழே சிவப்பு ரயில் போவதைப் பார்த்தார். பிறகு மேசையில் வந்து உட்கார்ந்து, கண்ணாடியைச் சரியாகப் போட்டுக்கொண்டு, சொந்தப் பெயரில் புதுக் கணக்கொன்று திறந்தார். முழுப் பெயர், முகம் தெரியும் படம். எழுதத் தொடங்கினார். ஒற்றை விரலால், ஜெர்மனில், எழுத்தெழுத்தாக. எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. சுலோஜனா ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, தலையில் கைவைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார்.

எழுதி முடித்ததும் அவர் மனைவியைப் பார்த்துக் கையை நீட்டினார். "உம்மட போனைத் தாரும்." சுலோஜனா தந்தார். ஒரு கையில் தன்னுடையது, மறுகையில் மனைவியுடையது. அக்காவின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, நான்தான். போனை வையாதை. எழுதினதை வாசிக்கிறன், கேள். நான் போட்டபிறகு வேற ஆரும் உனக்குச் சொல்லக்கூடாது."

மறுபக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. அவர் ஜெர்மனில் எழுதியதைத் தமிழாக்கி வாசித்தார்.

"இவை வேலிக்குள்ள வளத்த மானைக் காட்டுமானெண்டு விக்கினம். காதில தகட்டு ஓட்டை இருந்தது, நான் தொட்டுப் பாத்தனான். வாளிச் சத்தத்துக்கு வந்து நிண்டது. வீட்டுச் சூப் நல்லது, நாயும் நல்லது. என்னைத் தெரியாதெண்டு இந்த நிறுவனம் எழுதியிருக்கு. நான் வாடிக்கையாளன் இல்லை, காசு குடுக்கேல்லை. நிறுவனம் நடத்துறவரின்ர அம்மா என்ர கூடப்பிறந்த அக்கா. நான் இவருக்குத் தாய்மாமன்."

"என்ர பேரையும் போட்டனியோ?" என்றார் அக்கா. குரல் உடைந்திருந்தது.

"இல்லை. என்ர பேர் மட்டும்."

"அப்ப கலியாணம்?"

"நீ கூப்பிட்டா வருவன். கூப்பிடாட்டி இஞ்ச இருந்து வாழ்த்துவன். ஆனா அக்கா, தெரியாத ஆளா நான் அந்த மண்டபத்துக்குள்ள வரமாட்டன்."

"பட்டனை அமத்தப் போறியோ?"

"ஓம்" என்றார் ஜெகதீஸ்வரன். அக்கா வைத்துவிடவில்லை, அவருடைய மூச்சு எங்கள் எல்லாருக்கும் கேட்டது. இடக்கையிலிருந்த போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலக்கைப் பெருவிரலால் இரண்டாவது நட்சத்திரத்தைத் தொட்டு, அதே விரலால் பதிவிட்டார்.